அப்பாவின் காடியும் சர்வீஸ் பில்லும்: சுங்கை சிப்புட் வருகிறவர்கள் கவனிக்க

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ வெளிநாட்டிலிருந்து ஊர் வரும் பிள்ளைகள் தவறாமல் செய்யும் காரியம், வீட்டுக் காடியை, அதாவது காரை, கம்பெனி சர்வீஸுக்கு (காடி நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு) விடுவது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து, சர்வீஸ் நிலையம் இருக்கும் ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலையில் காடியை விட்டுவிட்டுப் பசியாறிவிட்டு வந்தால் மதியத்துக்குள் எடுத்துவிடலாம். பில் வந்ததும் கார்டை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய டாலரிலோ பவுண்டிலோ மாற்றிப் பார்த்தால் சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே கவுண்டருக்கு அப்பா தனியாகப் போவார். போன தடவை எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்தான காடி அது. இந்தத் தடவையும் அதே வரிகள் வரும், அவர் சேமிப்பிலிருந்து போகும்.

இந்தப் பயணத்தில் கையில் கிடைத்த ஒரு பில்லை வரி வரியாகப் பார்க்கலாம். காடி வாங்கி 4 வருடம், ஓடியது 21,400 கிலோமீட்டர். தொகை 763 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு இந்த ஒரு பில். கறுப்பு எண்ணெய் (இன்ஜின் எண்ணெய்) 4 லிட்டர் 160, எண்ணெய் பில்டர் 20, வடிகால் போல்ட்டின் வாஷர் 4, ஆட்டோ கியர் எண்ணெய் 180, பிரேக் எண்ணெய் 35, ஏர் பில்டர் 42, ஏர்கான் பில்டர் 38. அதன் கீழே இன்ஜின் பிளஷ் 35, இன்ஜெக்டர் கிளீனர் 38, ஏர்கான் நுரை மருந்து 55. கூலி 145. கூலிக்கு 8 விழுக்காடு சேவை வரி 11.60.

இதில் எது நியாயம், எது இல்லை?

வாஷரிலிருந்து தொடங்குகிறேன், பலர் சந்தேகப்படுவது அதைத்தான். நான்கு வெள்ளி வாஷருக்குச் சண்டை போட வேண்டாம். இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கத்தான் அது மென்மையான உலோகத்தில் செய்யப்படுகிறது. பழையதையே போட்டால் கசியும். கசிவை நிறுத்தப் போல்ட்டை மேலும் இறுக்குவார்கள், அப்படித்தான் அலுமினிய எண்ணெய்த் தொட்டியின் மரை போகிறது. மரை போனால் செலவு நூற்றுக்கணக்கில். வாஷர் வரி பில்லில் இல்லையென்றால்தான் கேட்க வேண்டும்.

கறுப்பு எண்ணெய் வேறு கதை. அந்தக் காடியின் கையேட்டில் பில்டரோடு சேர்த்து 3.3 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. பில்லில் 4 லிட்டர். போத்தல் கணக்கில் விற்றிருந்தால் மிச்சம் 0.7 லிட்டர் போத்தலோடு வீட்டுக்கு வர வேண்டும். பெரிய டிரம்மிலிருந்து குழாய் வழியாக ஊற்றியிருந்தால் ஊற்றிய அளவுக்குத்தான் விலை போட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் 28 வெள்ளி ஊற்றாத எண்ணெய்க்குப் போயிருக்கிறது. சின்னக் காடிகளில் பெரும்பாலானவை 3 லிட்டருக்கும் 4 லிட்டருக்கும் இடைப்பட்ட அளவில்தான் எண்ணெய் குடிக்கும் என்பதால் இந்தக் கேள்வியை எல்லாருமே கேட்கலாம்.

பிளஷ், இன்ஜெக்டர் கிளீனர், நுரை மருந்து ஆகிய மூன்றும் சர்வீஸ் புத்தகத்தின் அட்டவணையில் கிடையாது. சேர்த்து 128 வெள்ளி. இன்ஜின் பிளஷ் என்பது பழைய எண்ணெயோடு கலந்து சில நிமிடம் ஓடவிட்டு வடிக்கும் கரைப்பான். நேரத்துக்கு எண்ணெய் மாற்றிய இன்ஜினில் அதற்குக் கரைக்க எதுவும் இருக்காது. மாற்றாமல் விட்ட இன்ஜினில் கட்டிக் கட்டியாகப் படிந்த கசடைப் பெயர்த்துவிடும். அது போய் எண்ணெய் பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைத்தால் இன்ஜினுக்கு எண்ணெய் ஏறாது. ஆக, நல்ல காடிக்கு அது தேவையில்லை, மோசமான காடிக்கு ஆபத்து. ஏர்கான் நாற்றமடித்தால் முதலில் பார்க்க வேண்டியது பில்டர். பெரோடுவா நிறுவனத்தின் மைவி போன்ற காடிகளில் அது முன் இருக்கைக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, கையாலேயே கழற்றலாம்.

128-ஐயும் 28-ஐயும் கூட்டினால் 156 வெள்ளி, மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. கம்பெனி சர்வீஸ் முழுவதையும் கொள்ளை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு அட்டவணைப்படி நடந்த வேலைதான். அந்த ஐந்தில் ஒன்று யாரிடம் வாங்கப்படுகிறது என்பதுதான் மனத்தை வருத்துகிறது. கேள்வி கேட்கிறவர் பில்லில் அந்த வரிகள் இல்லை. "ஆன்ட்டி, இது போட்டா இன்ஜின் சுத்தமா இருக்கும்" என்றால் தலையாட்டும் வயசானவர் பில்லில்தான் இருக்கின்றன.

கியர் எண்ணெய் 180 வெள்ளிதான் எல்லாரும் குழம்பும் இடம். 21,400 கிலோமீட்டரில் அது எதற்கு? சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். தோட்டத்துப் பக்கம் இருக்கும் பெற்றோர் காடி கோயிலுக்கும் கிளினிக்குக்கும் பசாருக்கும் மட்டும் ஓடும், மாதம் 400, 500 கிலோமீட்டர். எப்போதும் மாதக் கணக்குதான் முந்தும். நான்கு வருடம் என்றால் எட்டு ஆறுமாதத் தவணைகள், தவணைக்கு 10,000 என்று கணக்கு. கவுண்டரில் அதை 80,000 கிலோமீட்டர் சர்வீஸ் என்று பதிவார்கள். கணினியில் அந்தத் தொகுப்பைத் தட்டியதும் 80,000-க்குரிய எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

பிரேக் எண்ணெய்க்கு மாதக் கணக்கு சரி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் வேகமாக. ஓடாமல் நின்றாலும் கெடும். கறுப்பு எண்ணெய்க்கும் சரி. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, எண்ணெயில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலோ எண்ணெய் மூடியின் உள்பக்கத்திலோ பால் நிறப் பசை தெரிந்தால் பெரும்பாலும் இந்தக் குட்டி ஓட்டம்தான் காரணம். ஆனாலும் கூலண்ட் குறைகிறதா என்று கூடவே பார்த்துவிட வேண்டும், இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே பசைதான் வரும். ஸ்பார்க் பிளக் தேய்வது ஓட்டத்தால். இரிடியம் பிளக் பொதுவாக 100,000 கிலோமீட்டர் தாங்கும். 25,000-இல் அதை மாற்றச் சொன்னால் புத்தகத்தில் மாதக் கணக்கு அச்சிட்டிருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கியர் எண்ணெயும் சூட்டாலும் ஓட்டத்தாலும்தான் தேய்கிறது. இருந்தும் இந்த 180-ஐ மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு, காடி உத்தரவாதக் காலத்தில் இருந்து, புத்தகத்தில் மாதக் கணக்கும் இருக்கிறது என்றால். மலேசியக் காடி நிறுவனங்களான பெரோடுவா, புரோட்டோன் இரண்டும் தரும் உத்தரவாதம் 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். கியர்பாக்ஸ் போனால் ஆயிரக்கணக்கில் செலவு. அப்போது அவர்கள் முதலில் புரட்டுவது சர்வீஸ் பதிவைத்தான். எவ்வளவு எண்ணெய் மாற்றினார்கள் என்பதை மட்டும் கேளுங்கள். சாதாரணமாக வடித்து ஊற்றினால் பாதிக்கும் குறைவாகவே வெளியேறும், மிச்சம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கும். மெஷின் வைத்து முழுதாக மாற்றுவதற்கு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு எண்ணெய் போகும். அட்டவணை கேட்பது பெரும்பாலும் முதலாவதை. பில்லில் லிட்டர் போடாமல் வெறும் தொகை இருந்தால் எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6-இலிருந்து 8 விழுக்காடானது. உதிரிப்பாகத்தைத் தனி வரியாகக் காட்டும் பில்லில் வரி கூலிக்கு மட்டும்தான். இந்தப் பில்லில் 145-க்கு 11.60, சரியாக இருக்கிறது. மொத்தத் தொகைக்கும் 8 போட்டிருந்தால் நின்று கேட்க வேண்டும். சின்னப் பட்டறைகளில் வருட வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால் வரியே கிடையாது.

செம்மண் சாலை வழியாகச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் வரும் காடிக்கு அட்டவணை சில இடங்களில் போதாது. ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக்குள் செம்மண் அப்பி வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான், கிலோமீட்டர் எதுவானாலும். பின்சக்கர டிரம் பிரேக்குக்குள் தூசு சேர்ந்து கிறீச்சிடும். திறந்து துடைத்து, முன்பக்க காலிப்பரின் நகரும் ஊசிகளுக்குக் கிரீஸ் வைக்கும் வேலைக்குக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். இந்தச் சாலைகளில் ஓடும் காடிக்கு அதைவிடப் பயனுள்ள வேலை குறைவு. பிரேக் பேட் மாற்றச் சொன்னால் கனத்தைக் கேளுங்கள். புதியது சுமார் 10 மில்லிமீட்டர், 3-க்கு வந்தால் மாற்றலாம். 6-இல் மாற்றச் சொல்கிறவர் அவசரப்படுகிறார்.

உத்தரவாதம் முடிந்தபின் நம் ஊர் போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) போவதே பெரும்பாலும் லாபம். கூலி குறைவு, பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். ஆனால் அங்கேயும் இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒன்று, கியர் எண்ணெய் மாறிப் போவது. புரோட்டோன் சாகாவில் 2011 நடுப்பகுதி முதல் 2019 நடுப்பகுதி வரை ஆட்டோ என்றால் சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் பெட்டி), அதன்பின் வந்தது நான்கு கியர் ஆட்டோ. மைவியில் 2021 நவம்பர் வரை நான்கு கியர், அதன்பின் சிவிடி. வெளியே பார்த்தால் ஒரே பெயர், உள்ளே வேறு பெட்டி, வேறு எண்ணெய். சிவிடிக்குச் சாதாரண ஆட்டோ எண்ணெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், காடி கிளம்பும்போது உதறும், கடைசியில் பெட்டியே போகும். இன்னொன்று, கையெழுத்துப் பில்லில் "சர்வீஸ் 150" என்று ஒரே வரி. எண்ணெயின் பெயர், 0டபிள்யூ-20 மாதிரி அதன் எண், லிட்டர், பில்டரின் பெயர், கிலோமீட்டர் ஆகிய ஐந்தையும் எழுதி வாங்குங்கள். நல்ல போமன் கோபப்பட மாட்டார். போலி எண்ணெயும் போலி பில்டரும் சுற்றுவதால் பொருளை நீங்களே நம்பகமான கடையில் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் தருவதும் வழக்கம்தான். அப்போது கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான் மரியாதை.

டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பட்டை) மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், காடி மைவியாக இருந்தால் அதில் இருப்பது செயின் என்று சொல்லிவிடுங்கள். புரோட்டோனின் கேம்ப்ரோ இன்ஜின் வைத்த சாகாவில் பெல்ட்தான். அதைத் தள்ளிப்போடக் கூடாது, அறுந்தால் வால்வு வளையும்.

கம்பெனிக்குப் போகும் முதல் நாள் இரவு மீட்டர், சர்வீஸ் புத்தகத்தின் கடைசி முத்திரை, கையேட்டின் எண்ணெய் அளவுப் பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நீட்டும் வேலைத் தாளில் கையெழுத்துப் போடுமுன் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும் பழைய பாகங்கள் வேண்டும் என்பதை அப்போதே எழுதச் சொல்ல வேண்டும், பில் வந்தபின் கேட்டால் குப்பையில் போய்விட்டது என்பார்கள். எடுக்கும்போது சமமான தரையில் இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் தவறுதான், அதிக எண்ணெய் நுரைத்துவிடும்.

நீங்கள் திரும்பிப் போனபின் அம்மா தனியாகப் போவார் என்றால், கவுண்டரில் சொல்ல ஒரே ஒரு மலாய் வாக்கியம் போதும். "ஈக்குட் புக்கு செர்விஸ் சஜா. யாங் லாயின், தெலிபோன் அனாக் சாயா டூலு." சர்வீஸ் புத்தகப்படி மட்டும் செய்யுங்கள், வேறு எதுவென்றாலும் முதலில் என் பிள்ளைக்குப் போன் பண்ணுங்கள் என்று அர்த்தம். இதையே உங்கள் வாட்ஸ்அப் எண்ணோடு ஒரு அட்டையில் எழுதிச் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கிளிப் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. புத்தகத்தைத் திறக்காமல் அவர்களால் முத்திரை குத்த முடியாது.

பேசியும் தீராத பில்லுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். விலை முன்கூட்டியே பேசப்படாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. வேலைத் தாள், பில், படங்கள், பழைய பாகம் இருந்தால் பேச்சு எளிது. விசாரணைக்கு மனுதாரர் நேரில் வர வேண்டும், அந்தத் தேதி வரும்போது நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். அதனால் கார்டு உங்களுடையதாக இருந்தாலும் பில்லை ஊரில் இருக்கும் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ போடச் சொல்லுங்கள்.