சிப் ஒன்றுதான், ஃபேன்தான் வேறு

"எல்லாம் 3060 தானே மாமா, எதுக்கு பிராண்டுக்கு பிராண்டு மூவாயிரம், நாலாயிரம் வித்தியாசம்?" என்று அக்கா பையன் கேட்டான். கேம் ஆட கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டைத்தான் சொல்கிறான். போன வாரம்தான் என் கார்டுக்கு ஃபேன் மாற்றிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்திருந்தேன். சரியான ஆளிடம்தான் கேட்டான்.

ஆர்டிஎக்ஸ் 3060-க்கு, சிப் செய்யும் என்விடியா தன் பெயரிலேயே விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டு போடவே இல்லை. சிப் அவர்களுடையது; சூட்டை இழுக்கும் உலோகமான ஹீட்சிங்க், ஃபேன், கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான பயாஸின் அமைப்பு எல்லாம் பிராண்டுகளின் கைவேலை. எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு, இந்த மாதிரி கார்டுகளை வைத்துக் காசு உருவாக்கும் மைனிங்கை 2022 செப்டம்பரில் கைவிட்டது; கார்டுகளுக்கான போட்டி குறைந்தது. அடுத்து வந்த தீபாவளிக்கு இரண்டு ஃபேன் உள்ள மலிவான கார்டாகப் பார்த்து வாங்கினேன். பிராண்டின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

வேகத்தில் குறையே இல்லை. மூன்று ஃபேன் உள்ள நண்பனின் 3060-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியிலேயே மாட்டிப் பார்த்தோம். அதே கேம், அதே செட்டிங்; நொடிக்கு இரண்டு ஃபிரேம் வித்தியாசம். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஓசி (ஓவர்கிளாக், சிப்பைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது) என்ற எழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. வெப்பத்தில்தான் இடித்தது: என்னுடையது 74 டிகிரி, அவனுடையது 66.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது கேம் ஆடாத நேரத்தில் நடப்பது. சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும். இது நல்ல வசதிதான். ஆனால் மே மாதம், ஏசி இல்லாத அறை, இரண்டு மானிட்டர். சும்மா பிரவுசர் திறந்து வைத்தாலே கார்டு 55 டிகிரியைத் தொடும். உடனே ஃபேன் விர்ரென்று கிளம்பும். மெதுவாகச் சுற்றவும் அதற்குத் தெரியாது, எடுத்த எடுப்பிலேயே முப்பது சதவீதம். ஒரு நிமிடத்தில் 50-க்கு இறங்கும், நிற்கும். மறுபடி விர்ர். ஓடிக்கொண்டே இருந்தால் காது பழகிவிடும், இது பழகாது. "அந்தப் பெட்டிக்கு என்ன, மூச்சு வாங்குதா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

நண்பனின் கார்டும் இதே அறையில் ஃபேனை நிறுத்தும், ஓட்டும். ஆனால் எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை. பெரிய ஹீட்சிங்க் ஒரு காரணம். பயாஸில் யாரோ உட்கார்ந்து ஒழுங்காக எழுதிய ஃபேன் கணக்கு இன்னொன்று. எம்எஸ்ஐ இலவசமாகத் தரும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் எந்த பிராண்டு கார்டிலும் ஓடும். அதில் ஹிஸ்டெரிசிஸை, அதாவது ஃபேன் கிளம்பும் சூட்டுக்கும் நிற்கும் சூட்டுக்கும் உள்ள இடைவெளியை, ஏற்றி வைத்ததும் என் கார்டும் அடங்கியது. விண்டோஸை மறுபடி போட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் ஒரு ஃபேன் கரகரத்தது. நின்று நின்று கிளம்பியதில்தான் பேரிங் தேய்ந்தது என்று எனக்குச் சந்தேகம், நிரூபிக்க முடியாது. ஜோடியாக மாற்றியதில் ஆயிரத்து இருநூறு போனது.

நியாயமாகச் சொன்னால், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஹேங் ஆனதில்லை, கொடுத்த காசுக்கு நல்ல கார்டு. ஆனாலும் அந்த பிராண்டை இனிமேல் வாங்க மாட்டேன். இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு, வேண்டுமானால் என்னுடையதையே பாதி விலைக்கு எடுத்துக்கொள் என்றேன்.

"ஃபேன் கதையைச் சொல்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் மாமா" என்றான்.