லா பாஸ்: டாக்ஸியில் இரண்டாவது ஆள் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள்

பொலிவியாவில் சாந்தா க்ரூஸ் பக்கத்துச் சமவெளியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்தவர்கள் காலையில் லா பாஸ் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவார்கள். ஏறிய இடம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர், இறங்கிய இடம் 3,600 மீட்டர். விமானத்தில் வந்தாலோ பக்கத்து நகரான எல் ஆல்தோவின் விமான நிலையமே 4,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. தலை பாரமாக இருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், முதுகில் பதினைந்து கிலோ மூட்டை. வெளியே வந்தால் சமதரை என்று ஒன்று கிடையாது, பாதி ஏற்றம், பாதி இறக்கம். ஐம்பது படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு கார் பக்கத்தில் வந்து நின்று பாதிக் கட்டணம் சொன்னால் ஏறத்தான் தோன்றும். இந்த ஊரின் பெரிய மோசடி அந்த மூச்சிரைப்பை நம்பித்தான் நடக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்பதை விவரமாகவே சொல்ல வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு அது நாடகம் என்றே தெரியாது.

முதலில் வருவது போலீஸ் இல்லை, ஒரு ‘பயணி’. உங்களைப் போலவே பை, கையில் வரைபடம், சிரித்த முகம். பெரு என்பார், அர்ஜென்டினா என்பார். பஸ் நிலையத்துக்கு வெளியிலோ, டிட்டிகாகா ஏரிக்கரை ஊரான கொபகபானாவிலிருந்து வரும் சாதாரண பஸ்கள் இறக்கிவிடும் கல்லறைத் தோட்டப் பக்கத்திலோ பேச்சுக் கொடுப்பார். “சகார்நாகா தெருவா? நானும் அங்கேதான், டாக்ஸியைப் பங்கு போட்டுக்கலாமா?” இல்லாவிட்டால் நீங்கள் ஏறிய டாக்ஸியே இரண்டு தெரு தள்ளி நின்று அவரை ஏற்றிக்கொள்ளும்.

கொஞ்ச தூரத்தில் சாதாரண உடையில் ஒருவர் காரை மறித்து அட்டையை நீட்டுவார். போதைப்பொருள் சோதனை, அல்லது கள்ள டாலர் சோதனை. அவரும் காருக்குள் ஏறிக்கொள்வார். இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. அவர் முதலில் உங்களைத் தொடவே மாட்டார். அந்தப் ‘பயணி’ மறுபேச்சில்லாமல் பாஸ்போர்ட்டையும் பையையும் கொடுப்பார். போலீஸ் பணத்தை எண்ணிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பித் தருவார். அதைப் பார்த்ததும் உங்கள் கை தானாகவே பையை நீட்டும். அந்தக் காட்சி முழுக்க அந்த ஒரு நொடிக்காகப் போட்டது. பிறகு பை டிக்கிக்குப் போகும், உங்களை ஒரு மூலையில் இறக்கிவிட்டு கார் பறந்துவிடும். அது அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு. மற்றவர்களிடம் ஏடிஎம் கார்டின் ரகசிய எண்ணைக் கேட்பார்கள், “கார்டு உன்னுடையதுதானா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லி. 2006-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த இரண்டு பயணிகளை இங்கே கடத்தி, கார்டில் இருந்த பணத்தை எடுத்து, கொன்றே விட்டார்கள். கையில் இருப்பதைக் காப்பாற்ற மல்லுக்கட்டாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு இந்த ஆபத்து கூடுவதற்கும் காரணம் உண்டு. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். நள்ளிரவு தாண்டினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். பதினொரு மணிக்குப் பிடித்த ஆளை ஒரு மணி வரை வைத்திருந்தால் இரண்டு தடவை உருவலாம். நம்மூர் வங்கி ஆப்களில் வெளிநாட்டு ஏடிஎம் வரம்பைத் தனியாகக் குறைக்கலாம், மொத்தமாக அணைத்தும் வைக்கலாம். பணம் எடுக்கும் ஐந்து நிமிடம் மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

உண்மையான போலீஸ் தெருவில் நிற்க வைத்து உங்கள் பர்ஸை எண்ணாது. பொலிவியச் சட்டப்படி உங்களையோ உங்கள் பொருளையோ சோதனை போட அரசு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும். ‘ஃபிஸ்கால்’ என்ற அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அட்டையை நீட்டும் ஆளிடம் பையைத் தராமல், பாஸ்போர்ட் நகலை மட்டும் காட்டி, “வாமோஸ் அ பியே அ லா கொமிஸாரியா” என்று சத்தமாகச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கு நடந்தே போகலாம் என்று பொருள். தெருவில் நிற்கும்போதே, நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். போலி ஆசாமிகள் பெரும்பாலும் அங்கேயே கழன்றுகொள்வார்கள். எக்காரணம் கொண்டும் அவர்கள் காட்டும் காரில் ஏறக் கூடாது. பாஸ்போர்ட் நகல் என்றால் முதல் பக்கம் மட்டும் போதாது, நாட்டுக்குள் நுழைந்த முத்திரை உள்ள பக்கமும் வேண்டும்.

டாக்ஸியைப் பொறுத்தவரை, லா பாஸில் மீட்டர் கிடையாது. கூரையில் நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை வைத்திருப்பது ‘ரேடியோ டாக்ஸி’. அது வழியில் வேறு ஆளை ஏற்றாது. கட்டணம் தலைக்கு இத்தனை என்று இல்லை, ஒரு பயணத்துக்கு இவ்வளவு. ஏறும்முன் பேசி முடித்துவிடுங்கள். முன் கண்ணாடியில் ‘டாக்ஸி’ என்று ஒரு ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக்கொண்டு திரியும் கார்களும் உண்டு. அவற்றில் பாதி நல்லவர்களாகவும் இருக்கலாம். ஆனால் எந்தப் பாதி என்று காலை ஆறு மணிக்குக் கண்டுபிடிக்க முடியாது. யாங்கோ, இன்டிரைவ் போன்ற ஆப்களில் அழைத்தால் நம்பர் பிளேட்டை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கதவைத் திறங்கள். எந்த வண்டியானாலும் விதி ஒன்றுதான்: வழியில் இன்னொருவர் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள். பெரிய பை டிக்கியில் இருந்தால் இறங்க மனசு வராது. அதனால் முடிந்தவரை பையைப் பின்சீட்டில் மடியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டோடு வந்து சேர்ந்தால் நிலையத்துக்குள்ளேயே விடியும்வரை உட்காருங்கள். பொருள் பாதுகாப்பு அறையும் அங்கே இருக்கிறது. உட்காரும்போது பையின் வாரைக் காலில் சுற்றிக்கொள்ளுங்கள். “காசு கீழே விழுந்திருச்சு பாருங்க” என்று ஒருவர் காட்ட, நீங்கள் குனிய, மற்றவர் பையோடு நடையைக் கட்டுவது அங்கே பழைய வித்தை.

விடிந்துவிட்டால் டாக்ஸியே வேண்டாம். 2014-ல் தொடங்கிய ‘மி தெலெஃபெரிகோ’ கேபிள் கார் இந்த ஊரின் மெட்ரோ ரயில் மாதிரி. பழைய ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் சிவப்புத் தடம், பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பெட்டியில் பத்துப் பேர், கட்டணம் நீண்ட காலமாக மூன்று பொலிவியானோ. ஏற்றத்தில் மூச்சிரைக்க வேண்டியதில்லை, எவரோடும் பேரமும் பேச வேண்டியதில்லை. ஆனால் ராத்திரி பத்து, பதினொன்றோடு நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் முன்பே. கிளம்பும்போதே கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்.

சிவப்புத் தடத்தின் மேல்முனையில்தான் எல் ஆல்தோவின் பெரிய சந்தை, வியாழனும் ஞாயிறும். போகவேண்டிய இடம்தான். ஆனால் பர்ஸ், போன், கார்டு எதுவும் இல்லாமல், அன்றைய செலவுக்கு மட்டும் சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். யாரோ உங்கள் மேல் எச்சில் துப்புவார்கள், அல்லது சாஸ் கொட்டும். இன்னொருவர் பதறிப்போய்த் துடைத்துவிட வருவார். துடைக்க விடாமல், நிற்காமல் நடங்கள். சட்டையை ஹாஸ்டலில் துவைத்துக்கொள்ளலாம்.

பணம் மாற்றுவதில் வேறு மாதிரி ஏமாற்று. ஒரு டாலர் 6.96 பொலிவியானோ என்று 2011 முதல் பல வருடம் அரசு விலை அசையாமல் நின்றது. 2023-ல் டாலர் தட்டுப்பாடு வந்ததும் தெருவிலை தனியாகப் பிரிந்தது. அதனால் பழைய பதிவுகளில் படித்த விலையை நம்பாமல், கமாச்சோ அவென்யூவில் வரிசையாக இருக்கும் மாற்றுக்கடைகளில் மூன்றிலாவது அன்றைய விலையைக் கேளுங்கள். மோசடி விலையில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது. உங்கள் கண்முன்னே சரியாக எண்ணித் தருவார். நீங்களும் எண்ணுவீர்கள், சரியாக இருக்கும். “ஒரு நிமிஷம், ஒண்ணு கூடப் போயிடுச்சு போல” என்று கட்டைத் திரும்ப வாங்கி மறுபடி எண்ணி மடித்துக் கொடுப்பார். அந்த மடிப்பில் இரண்டு நோட்டு அவர் உள்ளங்கைக்குள் போயிருக்கும். கடைசியாக எண்ணுகிற ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் நூறு டாலரை வாங்கிப் பார்த்து “இது கள்ளநோட்டு” என்று திருப்பித் தருவதும் உண்டு. திரும்பி வந்தது நீங்கள் கொடுத்த நோட்டாக இருக்காது. கொடுக்கும்போதே எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கை மாறாது. ஓரம் கிழிந்த, மை பட்ட டாலரை யாரும் வாங்க மாட்டார்கள். அது மோசடி இல்லை, நாட்டு வழக்கமே அப்படி. 200 பொலிவியானோ நோட்டுக்குச் சின்னக் கடைகளில் சில்லறை கிடைக்காது, பத்தும் இருபதுமாகக் கேட்டு வாங்குங்கள்.

லினாரஸ் தெருவில் சூனியக்காரிகள் சந்தையைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை. அங்கே ‘பேபி அல்பாகா’ என்று தலையில் கட்டும் ஸ்வெட்டர்களில் ஏராளமானவை வெறும் அக்ரிலிக். உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். உயிர்மயிர் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். ஆனால் செம்மறி மயிரா அல்பாகாவா என்பதை இது சொல்லாது. நூல் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சான் பெத்ரோ சிறை வாசலில், உள்ளே சுற்றிக் காட்டுகிறேன் என்று ஆள் வந்தால் நிற்கவே நிற்காதீர்கள். அது சட்டவிரோதம். உள்ளே போனபின் வெளியே வர என்ன விலை என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

சகார்நாகா தெருவில் விற்கும் ‘மரணச் சாலை’ சைக்கிள் பயணத்தில் பணத்தைவிட உயிர்தான் கணக்கு. சுமார் 4,700 மீட்டர் உயரத்திலிருந்து 1,200 மீட்டருக்கு இறங்கும் பாதை. பணம் வாங்கும் கடை ஒன்று, கூட்டிப்போகும் நிறுவனம் வேறு என்பது சகஜம். ரசீதில் கூட்டிப்போகிறவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கா, முகம் மூடும் ஹெல்மெட் உண்டா, முன்னால் ஒரு வழிகாட்டி பின்னால் ஒருவர் வருவார்களா என்று கேளுங்கள். காலையில் சைக்கிள் கையில் வந்ததும் பிரேக் நெம்புகோலை இழுத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தொட்டால் வண்டியை மாற்றச் சொல்லுங்கள். ஈரச் சேற்றில் பிரேக் கட்டை ஒரே நாளில் தேயும், பாதிக்கட்டையோடு கிளம்பினால் பாதி வழியில் ஒன்றும் மிஞ்சாது.

ராத்திரி சோபொகாச்சி பக்கம் போவீர்கள். அங்கே சிங்கானி என்ற திராட்சை மது கலந்த கோப்பை கிடைக்கும். முதல் நாள் வேண்டாம். கோப்பையை மேஜையில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனால் திரும்பி வந்து புதிதாக வாங்குங்கள். கோக்கைன் விற்க வருகிறவனும் அடுத்த மூலையில் மறிக்கும் போலீஸும் கூட்டாளிகளாக இருக்கலாம். நிஜப் போலீஸாகவே இருந்தாலும் 1988-ல் வந்த 1008-ஆம் எண் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. கோகா இலை அங்கே சட்டப்படி சரி, டீ குடிக்கலாம், மெல்லலாம். ஆனால் பையில் போட்டு நாட்டை விட்டு எடுத்து வராதீர்கள்.

பயப்பட வேண்டாதவற்றுக்குப் பயப்படுகிறவர்களும் நிறைய. முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை, ஷூ பாலிஷ் போடுகிறவர்கள். தொழிலைக் கேவலமாகப் பார்ப்பார்களே என்று முகத்தை மறைக்கிறார்கள். பஸ் நிலையத்தில் டிக்கெட்டுக்கு மேல் கேட்கும் சில்லறை நிலையக் கட்டணம், அதுவும் நியாயமானது. லான்சா சந்தையில் ஜூஸ் போடும் அம்மாக்கள் கோப்பை காலியானதும் மிக்சியில் மிச்சம் இருப்பதை இலவசமாக ஊற்றுவார்கள். ‘யாப்பா’ என்பார்கள், நம்ம கொசுறுதான்.

பொருள் போய்விட்டால் முதலில் கார்டை முடக்குங்கள், பிறகு போலீஸை 110-ல் அழைக்கலாம். காப்பீட்டுக்காரர்கள் கேட்பது முத்திரை குத்திய ‘தெனூன்சியா’ என்ற புகார் நகல். சுற்றுலாப் போலீஸ் எழுதித் தருவார்கள். போன பொருட்களை மாடல், விலையோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும். பட்டியலில் விட்டுப்போன பொருளுக்குப் பிறகு பணம் வாங்குவது கஷ்டம். அங்கே போவதற்கும் தெருவில் டாக்ஸியை மறிக்காதீர்கள், ஹாஸ்டலிலிருந்து ரேடியோ டாக்ஸியை வரவழைத்துப் போங்கள்.