யுகாதிப் பச்சடியில் காணாமற்போன கசப்பு: கிருஷ்ணகிரிப் பலகாரக் கடை ஒன்றின் அனுபவம்

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தெலுங்கு, கன்னடப் புத்தாண்டான யுகாதிக்குரிய பலகாரத்தை அதுவரை வெளியில் வாங்கியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், 2025 மார்ச் 30 அன்று வந்த யுகாதிக்குக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள ஒரு சிறு கடையில் ஒப்பட்டும் (பூரணம் வைத்த போளி) பச்சடியும் முன்பதிவு செய்திருந்தேன்.

ஒப்பட்டைக் குறை சொல்ல இடமே இல்லை. மேல்மாவு வெற்றிலை போல மெல்லியதாக இருந்தும் எங்கும் கிழியவில்லை. கடலைப்பருப்புப் பூரணம் விளிம்பு வரை பரவியிருந்தது. வெல்லத்தின் மணத்தை ஏலக்காய் அமுக்கிவிடவில்லை. பருப்பு வடித்த நீரை வீணாக்காமல், சிறிது பூரணத்தையும் கரைத்து வைத்த ஒப்பட்டுச் சாற்றையும் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சாற்றைச் சூடான சோற்றில் பிசைந்து உண்ட பிறகுதான், அன்று பண்டிகை என்ற உணர்வே எங்களுக்கு வந்தது.

பச்சடியில்தான் எனக்கு வருத்தம். புதுப்புளியும் மாங்காயும் நன்றாகவே இருந்தன. ஆனால் வெல்லம் மிகுந்து, வேப்பம்பூ பெயருக்கு இரண்டு மூன்று மட்டுமே மிதந்தது. பிள்ளைகள் முகம் சுளிப்பதால் வாடிக்கையாளர்களே பூவைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று கடைக்கார அம்மா விளக்கினார். அவரது சங்கடம் புரிகிறது, ஆயினும் என்னால் ஏற்க முடியவில்லை. வேம்பின் கசப்பு, வெல்லத்தின் இனிப்பு, புளியின் புளிப்பு, மாங்காயின் துவர்ப்பு, உப்பு, காரம் என்னும் ஆறு சுவையையும் ஆண்டின் முதல் நாளிலேயே ஒரே வாயில் விழுங்குவது, வரப்போகும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் பிரித்துப் பார்க்காமல் ஏற்பதற்காகவே. கன்னட வீடுகளில் வேம்பும் வெல்லமும் மட்டுமே கலந்து உண்பார்கள். அங்கேயும் வேம்பை விடுவதில்லை. நீண்ட ஆயுளும் வைரம் பாய்ந்த உடலும் வேண்டி அன்று சொல்லப்படும் சுலோகம்கூட வேப்பிலையைத்தான் குறிக்கிறது, வெல்லத்தை அன்று.

பொட்டலத்துடன் வைத்திருந்த அச்சிட்ட துண்டுத்தாள் பாராட்டுக்குரியது. 12 சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே ஆவதால் யுகாதி ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது என்பதையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘அதிக மாதம்’ எனும் கூடுதல் மாதம் ஒன்று சேரும்போது மீண்டும் பின்னே செல்கிறது என்பதையும் எளிய தமிழில் எழுதியிருந்தார்கள். 2024இல் ஏப்ரல் 9 அன்று வந்த பண்டிகை 2025இல் பத்து நாள் முந்தியதன் காரணம் என் மகளுக்கு அதைப் படித்தே விளங்கியது. இதை இந்துக்கள் அனைவரின் புத்தாண்டு என்று எழுதியதை மட்டும் திருத்த வேண்டும். மராட்டியரின் குடி பாட்வா இதே நாளில் வந்தாலும், குஜராத்தியரின் ஆண்டு தீபாவளியை ஒட்டிய கார்த்திகை வளர்பிறையில் தொடங்குகிறது. நம் சித்திரைப் புத்தாண்டோ சூரியன் மேட ராசியில் நுழைவதைக் கொண்டு கணிக்கப்படுவது. அதனால்தான் யுகாதியன்று பிறந்த விசுவாவசு ஆண்டு, தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ஏப்ரல் 14 அன்று பிறந்தது.

2025க்கு அடுத்த யுகாதி 2026 மார்ச் 19. அதற்கும் இங்கேயே சொல்லி வைக்கப் போகிறேன். வேப்பம்பூவைத் தனிப் பொட்டலமாகக் கட்டித் தரும்படி கேட்டேன். தருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டார். ஒப்பட்டுக்கு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சாற்றுக்குத் தூக்குப் பாத்திரம் நாம்தான் கொண்டு செல்ல வேண்டும்.