சிவிக் முன் பிரேக் டிஸ்க்: பன்னலவில் தேய்ந்ததும் திருகோணமலையில் துருவேறியதும்

"மச்சான், கோடு வெட்டின டிஸ்க் விலை இறங்கியிருக்காம். ஒரு சோடி எடுத்து வைக்கட்டா?" உவர்மலையிலிருந்து வந்த கேள்வி. கேட்டவரின் காரும் தொண்ணூறுகளின் ஹொண்டா ஈகே சிவிக்தான். அவரும் அவ்வப்போது பன்னல ரேஸ் ஓட்டத்துக்குப் போகிறவர். முன் டிஸ்க் 262 மில்லிமீற்றர், புதிதில் 21 தடிப்பு, 19க்கு வந்தால் கழற்றி எறிய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆகவே அந்த 2 மில்லிமீற்றர் எப்படிக் கரைகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். என் காரில் இப்போது கழற்றிய சோடியில் ரேஸ் ஓட்டம் தின்றது பாதிக்கும் குறைவு. மிச்சத்தைத் தின்றவை கடற்காற்றும், கராஜில் டிஸ்க்கைக் கடையும் லேத்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோடு வெட்டி, நாகப் பூச்சுப் பூசிய டிஸ்க் இது. டிஸ்க்கைக் கவ்வி நிற்பாட்டும் பிரேக் பாட் உரசும் முகத்தில் பூச்சு முதல் நாளே போய்விடும், அது போகத்தான் வேண்டும். நடுத் தொப்பியிலும் வெளி விளிம்பிலும், முக்கியமாக உள்ளே காற்றுப் போகும் இடுக்குகளிலும் பூச்சு கடைசிவரை நின்றது. பூச்சில்லாத டிஸ்க்கை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு மாரி முழுக்க வெளியில் நிறுத்திவிட்டு இடுக்குக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு செதில் செதிலாய் நிற்கும். காற்றுவழி அடைபட்ட டிஸ்க் ஆற நேரமெடுக்கும். வெட்டிய கோடுகள் பாட் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் மழையிலும் முதல் மிதியிலேயே பிடிப்பு வருகிறது. பாட் கொஞ்சம் வேகமாகக் கரையும், அது தெரிந்ததுதான். துளை போட்ட டிஸ்க்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வடிவாய் இருக்கும், ஓட்டத்தில் வெடிப்பு துளையில் தொடங்கி அடுத்த துளைக்கு ஓடும்.

இனி ஓட்டம். ஆளோடு சேர்த்து 1150 கிலோ வரும் கார் 140லிருந்து 60க்கு இறங்கினால் சுமார் 700 கிலோஜூல் வெப்பமாக மாறுகிறது. அதில் எழுபது வீதம் முன்னுக்குப் போகிறது என்று வைத்தால் ஒரு டிஸ்க்குக்கு 250 அளவில். உரசும் வளையத்தின் நிறை ஏறக்குறைய 3.5 கிலோ, வார்ப்பிரும்பின் வெப்பக் கொள்ளளவோடு கணக்குப் பார்த்தால் ஒரே மிதியில் 150 பாகை ஏறுகிறது. டிஸ்க் 19 மில்லிமீற்றருக்கு வரும்போது அந்த வளையத்தில் அரைக் கிலோ இரும்பு இல்லை. அதே மிதிக்கு இப்போது 180 பாகை. சூடு கூடக்கூடத் தேய்மானமும் கூடும். முதல் ஒரு மில்லிமீற்றர் போக எடுத்த காலத்தை அடுத்த மில்லிமீற்றர் எடுக்காததற்குக் காரணம் இதுதான். ரேஸுக்குப் போகிறவர் 19 வரை காத்திருக்கக் கூடாது. 19.5 வந்ததும் அந்தச் சோடியைத் தெரு ஓட்டத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

சூட்டை ஊகிக்கத் தேவையில்லை. வெளி விளிம்பில் பூசும் வெப்பக் காட்டி மை இருக்கிறது: பச்சை 430 பாகையிலும் செம்மஞ்சள் 560இலும் சிவப்பு 610இலும் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் நிம்மதி. சிவப்பும் மாறியிருந்தால் பாட் தெரிவு பிழை, அல்லது டிஸ்க்கை ஆற்றக் காற்றுக் குழாய் வேண்டும், அல்லது ஓட்டுகிறவர் மிதியில் அதிகநேரம் கிடக்கிறார். 650 பாகையைத் தாண்டினால் வார்ப்பிரும்பிலேயே கடினமான புள்ளிகள் உருவாகத் தொடங்கும். நீலம் பாய்ந்த திட்டுகளாய்த் தெரிபவை அவை. மற்ற இடம் தேய, அந்தப் புள்ளிகள் மேடாய் நிற்கும்.

ஓட்டத்தைவிட ஓட்டத்துக்குப் போய்வரும் வழியில் டிஸ்க் தேய்கிறது என்றால் நம்பமாட்டார்கள். ரேஸ் பாட் சூடேறிய பிறகுதான் தன் படலத்தை டிஸ்க்கில் ஒட்டி, படலத்தோடு படலம் உரசி நிற்பாட்டும். குளிரில் அது வெறும் சாணைக்கல். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று போகும் வழியெல்லாம் அந்தப் பாட்டோடு மிதித்துக்கொண்டு போனால், கீச்சுச் சத்தத்தோடு டிஸ்க் தூளாகிக்கொண்டே வரும். அந்த இரும்புத் தூள் ரிம்மில் படிந்து, இங்கே திரும்பி வந்ததும் உப்புக் காற்றில் செம்புள்ளியாய் ஏறிவிடும். பாட்டை ஓட்ட இடத்தில் மாற்றுங்கள். பாட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி மேலே தூக்கினால் போதும், பெரிய வேலை இல்லை. பிஸ்டனைத் தள்ளும்போது மேலே எண்ணெய்க் குவளை வழிகிறதா என்று ஒரு கண் வைக்கவேண்டும். பிரேக் எண்ணெய் பெயின்ற்றைத் தின்னும். தெருப் பாட்டும் ரேஸ் பாட்டும் ஒரே தயாரிப்பாளரின், ஒத்துப்போகும் வகையாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒன்றின் படலத்தின் மேல் மற்றது ஒட்டாமல் திட்டுத் திட்டாய் நிற்கும்.

புதுப் பாட்டைப் பழக்க 100லிருந்து 20 வரை எட்டுப் பத்துத் தடவை, ஒருமுறையும் முழுதாய் நிற்பாட்டாமல், பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஆறவிட்டு ஓட்டம். நகரத்துக்குள் இது நடக்காது. ஹபரணை வீதியில் செய்கிறவர்கள் வெளிச்சம் நன்றாய் வந்த பிறகு, பின்னால் வாகனம் இல்லாதபோது செய்யுங்கள். பொழுதுபட்டால் அந்த வீதி யானைகளுடையது.

உப்புக்கு வருகிறேன். வாடைக் காற்று தொடங்கினால் இங்கே ஓர் இரவில் டிஸ்க் முகம் மஞ்சளாகிவிடும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, நாலு மிதியில் போய்விடும். பயப்பட வேண்டியது பாட் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து. கழுவிவிட்டு ஈரத்தோடு நிறுத்தி, ஒரு கிழமை எடுக்காமல் விட்டால், பாட்டின் அச்சு அப்படியே டிஸ்க்கில் துருக்குழியாய் விழும். மிதித்தால் மேலே மினுங்கும், குழி போகாது. கழுவிய பிறகு ஒரு சுற்று ஓடி, மெதுவாய் மிதித்துச் சூடாக்கிக் காயவைத்துவிட்டு நிறுத்த வேண்டும். நெடுநாள் நிறுத்துவதானால் கியரில் போட்டு, ரயருக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி விடுங்கள். பின் சில்லும் ஒட்டாது. ஓட்டம் முடிந்து, கார் நிறுத்தும் பிட்டுக்குள் வந்ததும் இதே கதைதான்: கொதிக்கும் டிஸ்க்கில் மிதியை அமத்திக்கொண்டு நின்றால், காய்ந்த கல்லில் தோசை ஒட்டுவது போலப் பாட் அந்த இடத்தில் ஒட்டும். ஆறும் சுற்று ஒன்று ஓடி, நிறுத்திய பின்னும் காரை ஓரிரு தடவை கையால் தள்ளி நகர்த்துங்கள்.

இப்போது கோபம். 100இல் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று எந்தக் கராஜில் சொன்னாலும் ஒரே பதில்: "டிஸ்க் வளைஞ்சிட்டுது அண்ணை, கடைஞ்சு தாறம்." இந்தச் சோடியை, வேறொரு வேலைக்கு விட்ட இடத்தில், கேட்காமலே கழற்றிக் கடைந்து வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். பக்கத்துக்கு 0.4 மில்லிமீற்றர். மொத்தம் 0.8! கைவசம் இருந்ததே 2.

வார்ப்பிரும்பு டிஸ்க் அப்படி லேசில் வளையாது. நடக்கிறது வேறு. டிஸ்க்கும் அதைத் தாங்கிச் சுழலும் ஹப்பும் சேரும் முகத்தில் துரு ஏறுகிறது. அங்கே ஓர் ஓரத்தில் 0.05 மில்லிமீற்றர் செதில் இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஆட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அந்த ஆட்டம் உடனே நடுங்காது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போது, சுற்றுக்கொருமுறை ஒரே இடம் பாட்டில் தட்டுப்பட்டு, அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. சில ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு தடிப்பு வித்தியாசமே நடுக்கமாய் வருகிறது. லேத்தில் டிஸ்க்கைத் தனியே பிடித்துக் கடைந்தால் அது நேராகும். கொண்டுபோய்ப் பழைய துரு ஹப்பில் பூட்டினால் அதே ஆட்டம், அதே கதை, ஆனால் மெலிந்த டிஸ்க்கில். நீலத் திட்டு உள்ள டிஸ்க்கைக் கடைந்தால் இன்னும் மோசம்: கடினப் புள்ளி ஆழமாய் இருக்கும், சூடேறியதும் திரும்ப மேடாய் எழும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணியும் இங்கே கட்டாயம் இறுகியிருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் தலையைத் தேய்க்காமல், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் 3ஆம் இலக்கப் பிட்டும் எடுங்கள். டிஸ்க் ஒட்டியிருந்தால் சுத்தியல் வேண்டாம். தொப்பியில் உள்ள இரண்டு மரைத்துளையில் 8 மில்லிமீற்றர் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்கினால் தானே தள்ளிக்கொண்டு வரும். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் துலக்கி, நட் வரும் போல்ட்டுகளின் அடியையும் நடு விளிம்பையும் விடாமல் வெறும் இரும்பாக்குங்கள். துருத்தடுப்புப் பசை பூசுவதானால் கண்ணுக்குத் தெரியாத அளவு; தடித்தால் அதுவே ஆட்டம். டிஸ்க்கைப் போட்டு, வாஷர் வைத்து நாலு நட்டையும் இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் பிடித்து ஒரு சுற்று. 0.10 மில்லிமீற்றர்தான் எல்லை, ரேஸுக்கு 0.05க்குள் கொண்டுவரப் பாருங்கள். கூடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளிப் போட்டுத் திரும்ப அளங்கள். நாலு நிலையில் ஏதோ ஒன்று வடிவாய்ப் பொருந்தும், அதை மையால் குறித்துவிடுங்கள். சில்லு நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். குறுக்காக, 108 நியூட்டன் மீற்றர், டோர்க் ரெஞ்சில்.

தடிப்பு அளப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. பழைய டிஸ்க்கின் விளிம்பில் பாட் படாத துருவரம்பு நிற்கும். வேர்னியரின் தட்டை வாய் அதன்மேல் உட்கார்ந்து 20.3 என்று காட்டும், உண்மையில் 19.6 ஆயிருக்கும். மைக்ரோமீற்றர் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயம் வைத்து அளந்து, நாணயத் தடிப்பைக் கழியுங்கள். சுற்றிவர எட்டு இடத்தில். உள்முகம் மட்டும் மெலிந்திருந்தால் கலிப்பர் ஊசி இறுகியிருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்து சிலிக்கன் கிரீஸ் போடவேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

தடிப்பு எவ்வளவு மிச்சமிருந்தாலும் வெடிப்பு முந்திவிடும். மயிரிழைக் கோடுகள் ரேஸ் டிஸ்க்கில் சாதாரணம். நகம் மாட்டினாலோ, கோடு வெளி விளிம்பையோ உள் விளிம்பையோ தொட்டாலோ அன்றோடு சரி. பிரேக் எண்ணெயையும் மறக்காதீர்கள். புது டொட் 4 ரக எண்ணெய் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். ஈரம் குடித்தால் அந்த எல்லை 155 வரை இறங்கும். இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஓட்டத்துக்கு முன் மாற்றுவது டிஸ்க்கைவிட மலிவு.

கோடு வெட்டின டிஸ்க்கில் இத்தனை நல்லது சொல்லியும் இந்த முறை பூட்டியிருப்பது கோடு இல்லாத, பூச்சு மட்டும் உள்ள டிஸ்க். 2022இல் ரூபாய் சரிந்தபோது கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கேட்ட விலை இப்போது இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் கோட்டுக்குக் கூடுதல் காசு கொடுத்து, அதை ஒருவர் கேட்காமல் லேத்தில் ஏற்றுவதைப் பார்க்க மனமில்லை. எரிச்சலில் எடுத்த முடிவு என்றால் அப்படியே இருக்கட்டும். விலை இன்னும் இறங்கினால் இதே வாய் வேறு சொல்லும். உவர்மலைக்காரருக்கு இப்போதைக்குப் பதில்: சோடி எடுக்க வேண்டாம், அந்தக் காசில் காந்த அடிப்பாகத்தோடு ஒரு டயல் கேஜ் எடுங்கள். கராஜுக்குக் காரை விடும்போது, டிஸ்க்கைக் கடையக் கூடாது என்று வேலைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.