முழங்கைக்கு லேசர்: எட்டு முறை போய்வந்தேன்

டென்னிஸ் எல்போ என்று டாக்டர் சொன்னதும் சிரித்துவிட்டேன். டென்னிஸ் மட்டையை நான் தொட்டதே இல்லை. 18 வருடமாகத் தொட்டதெல்லாம் கத்திரிக்கோல்தான். வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கினால் சுரீரென்று இழுக்கும்.

வலி குறைய லேசர் ஒளியைக் காட்டுகிற சிகிச்சைக்காக முதலில் போன இடம் சுத்த வேஸ்ட். உடையின் கையை மடித்துவிடக்கூடச் சொல்லாமல், ஒருவர் போனில் பேசிக்கொண்டே துணிக்கு மேலாகக் கருவியை ஆட்டினார். துணி எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கும் என்று தையற்காரிக்கா தெரியாது? இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த இடத்துப் பிசியோதெரபிஸ்ட் வேறு ரகம். புற்றுநோய் ஏதாவது இருந்ததா, கர்ப்பமா என்று முதலில் விசாரித்தார். விரலால் அழுத்திப் பார்த்து, நான் துள்ளிய இடங்களைப் பேனாவால் குறித்தார், நான் துணியில் சாக்பீஸ் போடுகிற மாதிரி. இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. தோலில் சிவப்புப் பொட்டு தெரிந்தது. “இதுதான் லேசரா?” என்றேன். “இல்லைம்மா, இது இடம் காட்டத்தான். வேலை செய்வது 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர், கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் கண்ணாடி” என்றார். கொஞ்சமும் சுடவில்லை. சக்தி கூடிய நான்காம் வகுப்புக் கருவியில்தான் வெதுவெதுப்பு தெரியுமாம்.

செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது என்கிறார்கள். 1960களில் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், மழித்த எலிகள் மேல் லேசரைக் காட்டியபோது முடி சீக்கிரம் வளர்ந்ததாம். அங்கே தொடங்கிய வைத்தியம் இது. (என் முழங்கையில் முடி வளரவில்லை.)

“இன்னும் இரண்டு நிமிடம் வையுங்களேன்” என்று கெஞ்சியும் மறுத்துவிட்டார். அளவு மீறினால் பலன் குறையுமாம்.

முதல் மூன்று முறை ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவதுக்கு அப்புறம் பாட்டில் மூடியைத் திறக்க முடிந்தது. எட்டு முடிந்தபோது வலி பாதியாகியிருந்தது. ஆனால் முதல் நாளே மணிக்கட்டுப் பயிற்சியும் கொடுத்திருந்தார், வெட்டு வேலையையும் நான் குறைத்திருந்தேன். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. லேசருக்கு ஆறு நிமிடம், காத்திருக்க நாற்பது நிமிடம் என்பதுதான் எரிச்சல்.

கடைசி நாள், கழுத்து வலிக்கும் இதையே வைக்கலாமா என்று கேட்டேன். “முதலில் துணி வெட்டுகிற மேசையை உயர்த்துங்கள்” என்று அனுப்பிவிட்டார்.