முதல் போர்ட்ஃபோலியோ: ஸ்டுடியோ பேக்கேஜா, கோலாப் ஷூட்டா, வீட்டுச் சுவரா?

"அக்கா, மாடலிங் பண்ணணும், போர்ட்ஃபோலியோ எடுக்க நல்ல ஸ்டுடியோ ஒண்ணு சொல்லுங்க." மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். போர்ட்ஃபோலியோ என்றால் வேலை கேட்டுப் போகும்போது காட்டும் படத்தொகுப்பு. சென்னையில் ஆறு வருடமாக ஜவுளிக்கடை கேட்டலாக், நகை, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆன்லைன் படங்கள் என்று வேலை பார்த்து வருகிறேன். இப்போதைக்கு ஸ்டுடியோ வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கும் ஸ்டுடியோ பேக்கேஜ் ஒன்று, போட்டோகிராபரும் மாடலும் காசு வாங்காமல் சேர்ந்து செய்யும் கோலாப் ஷூட் ஒன்று, வீட்டுச் சுவரில் சாய்ந்து போனில் எடுக்கும் டிஜிட்டல்ஸ் ஒன்று. பெரும்பாலும் எல்லோரும் இதே வரிசையில் போகிறார்கள், நான் தலைகீழாகப் போகச் சொல்வேன்.

காரணம் என் அனுபவம்தான். அம்மாவின் சீட்டுப் பணத்தில் 22,000 ரூபாய் கட்டி ஒரு ஸ்டுடியோவில் எடுத்தேன். நாலு உடை, ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட், ரீடச் செய்த 20 படம், கனமான ஒரு ஆல்பம். படங்கள் அழகாகத்தான் இருந்தன, ஆனால் அதில் இருந்தது நான் இல்லை. நான் நல்ல கறுப்பு, படத்தில் கோதுமை நிறம். ஒரு புடவை கேட்டலாக் தேர்வுக்கு அந்த ஆல்பத்தோடு போனபோது அங்கிருந்த பெண் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது நீங்கதானா?" என்றார். பிறகு தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்த சுவரோரம் என்னை நிற்கவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு வரச் சொல்லி, அவர் போனிலேயே நாலு படம் எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்தது அந்த நாலு படத்தால்.

வீட்டுச் சுவர்: செலவு இல்லை, ஒளிய இடமும் இல்லை

டிஜிட்டல்ஸ் என்பதைப் பழைய ஆட்கள் போலராய்டு என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஏஜென்சிகள் போலராய்டு கேமராவில் உடனுக்குடன் எடுத்து ஃபைலில் சொருகி வைத்த பழக்கம் அது. அந்த நிறுவனம் 2008-ல் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்திய பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தேர்வு செய்பவருக்கு உங்கள் முகத்தின் எலும்பு, தோலின் உண்மையான நிறம், தோள் அகலம், கால் நீளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் மேக்கப் கூடாது, பொட்டு, கம்மல், செயின் எல்லாம் கழற்ற வேண்டும். பெண்கள் உடம்பை ஒட்டிய கறுப்பு பனியனும் லெக்கிங்ஸும், ஆண்கள் வெறும் டீ-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டால் போதும்.

முகம் நேராக, சிரிக்காமல் ஒன்று, சிரித்து ஒன்று. இரண்டு பக்கவாட்டு, முக்கால் முகம் ஒன்று. முழு உருவம் முன்னால், பக்கம், பின்னால். முடியை விரித்தும் இறுக்கிக் கட்டியும் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் போனில் எடுப்பதுதானே என்று அலட்சியமாக எடுத்தால் இதுவும் கெட்டுப்போகும். செல்ஃபி வேண்டவே வேண்டாம். போன் முகத்துக்குப் பக்கத்தில் வந்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்னால் போனதாகவும் விழும். வேறொருவர் எட்டு, பத்து அடி தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கட்டும். முழு உருவம் எடுக்கும்போது போன் அவருடைய கண் உயரத்தில் இருந்தால் உங்கள் கால் குட்டையாகத் தெரியும், இடுப்பு உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். பியூட்டி மோடு பல போன்களில் நாம் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும், தேடி அணைத்துவிடுங்கள்.

அப்புறம், கறுப்பாக இருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படியுங்கள். வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று முடிவுசெய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் மிஞ்சும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால் தோலின் நிறம் அப்படியே வந்துவிடும். குறை உங்கள் தோலில் இல்லை, கேமராவின் கணக்கில் இருக்கிறது. நேர் வெயிலும் வேண்டாம், ஜன்னல் பக்கமாகவோ பால்கனி நிழலிலோ காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சம் போதும்.

படத்தோடு உயரத்தையும் அளவுகளையும் எடுத்த தேதியையும் எழுதி அனுப்புங்கள். உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து, சென்டிமீட்டரில், உள்ளதை உள்ளபடி போடுங்கள். ஃபேஷன் ஷோ மேடையில் நடக்கும் ராம்புக்குப் பெண்களிடம் பெரும்பாலும் 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள், ஆனால் புடவை, நகை, ஆன்லைன் கேட்டலாக்கில் அவ்வளவு கறார் இல்லை. இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லி உள்ளே போனால், அளவெடுத்துத் தைத்த உடையைப் போடும்போதே குட்டு உடைந்துவிடும்.

கோலாப்: கற்றுக்கொள்ள இதுதான் இடம், கவனமும் இங்கேதான் அதிகம் வேண்டும்

டிஜிட்டல்ஸில் உங்கள் முகமும் உடலமைப்பும் தெரியும், கேமரா முன்னால் உங்களால் என்ன செய்ய முடியும் என்பது தெரியாது. அதற்கு கோலாப் வேண்டும். வளர்ந்து வரும் போட்டோகிராபருக்குப் படம் தேவை, மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு முகம் தேவை, உங்களுக்கு அனுபவம் தேவை, அதனால் யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. ஸ்டுடியோ பேக்கேஜில் நீங்கள் வாடிக்கையாளர், நின்றாலும் உட்கார்ந்தாலும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். கோலாபில் படம் போட்டோகிராபருக்கும் வேண்டும் என்பதால் "கை செத்துப்போய் கிடக்கு, மறுபடி" என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல் கேட்டுத்தான் நான் கையை வைக்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் அவர் எடுத்த பழைய படங்களைப் பாருங்கள். அழகாக இருக்கிறதா என்பதோடு, கறுத்த தோலை அவர் எப்படி எடுத்திருக்கிறார், எல்லா மாடலும் ஒரே வெளிர் நிறத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அவரோடு வேலை செய்த இரண்டு பெண்களிடமாவது நேரடியாக விசாரியுங்கள். இடம் பொது இடமாகவோ நாலு பேர் புழங்கும் ஸ்டுடியோவாகவோ இருக்கட்டும், கூட ஒரு ஆளைக் கூட்டிப் போவேன் என்று முன்பே சொல்லுங்கள். அதற்கு ஒருவர் முகம் சுளித்தால் அந்த ஷூட்டே வேண்டாம். 18 வயதுக்குள் இருந்தால் அப்பாவோ அம்மாவோ உடன் இல்லாமல் போகவே கூடாது.

அடுத்து, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியவை. எத்தனை படம், எத்தனை நாளில், எந்தக் கடைக்கும் விளம்பரத்துக்கு விற்கக் கூடாது, தோல் நிறத்தை மாற்றக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்கள். காசு கைமாறாத கோலாபில் பொதுவாக எடுத்தவருக்கே உரிமை. இந்த ஒரு விஷயத்தில் ஸ்டுடியோ பேக்கேஜின் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் கையெழுத்து வாங்கும் தாளில், படங்களை அவர்கள் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வெளியில் எடுப்பதென்றால் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, சூரியன் கடலிலிருந்து எழுகிறது. பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ விடியலில் கடலைப் பார்த்து நின்றால் மஞ்சள் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். மே மாதம் 5:45-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6:30 ஆகிவிடும், அதைப் பார்த்துக் கால் டைம், அதாவது எல்லோரும் வந்து சேர வேண்டிய நேரம், வையுங்கள். கோடையில் எட்டு மணி தாண்டினால் கண் சுருங்கும், கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், மேக்கப் கழுத்தில் இறங்கும். வேர்வைக்கு மேல் பவுடரை அப்பினால் திட்டுத்திட்டாகிவிடும், டிஷ்யூவை அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு தொடுங்கள். மாமல்லபுரம் சின்னங்களுக்குள் எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், போய் நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள்.

உடை இரண்டு போதும், மூன்று அதிகம். புடவை என்றால் முந்தின நாளே மடிப்பு எடுத்து அயர்ன் செய்து பெட்டி மடிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், ஊரெல்லாம் செய்து தருகிறார்கள், மணல்மேட்டில் நின்று கொசுவம் வைக்கும் அரைமணி நேரத்தில் நல்ல வெளிச்சம் போய்விடும். பொடிக் கட்டமும் நெருக்கமான மெல்லிய கோடும் உள்ள துணியைத் தவிர்க்க வேண்டும், கேமராவில் அது அலையலையாக நெளிந்து தெரியும்.

ஸ்டுடியோ பேக்கேஜ்: கடைசியில் போனால் நல்லது

ஸ்டுடியோவே வீண் என்று நான் சொல்லவில்லை. நகை, அழகுப் பொருள் விளம்பரங்களுக்கு நெருக்கமான முகப்படம் வேண்டும், அதற்குத் தேவையான விளக்கு வீட்டிலும் கடற்கரையிலும் கிடைக்காது. ஆனால் எந்தப் பக்கம் உங்கள் முகம் நன்றாக விழும், எந்த மாதிரி வேலை உங்களுக்கு வரும் என்று தெரிந்த பிறகு போனால் 20 படத்துக்குப் பதில் 5 படம் கேட்டு வாங்கலாம். ஏஜென்சி என்று சொல்லிக்கொண்டு "எங்கள் போட்டோகிராபரிடம்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும், முதலில் பணம் கட்டுங்கள்" என்பவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஏஜென்சி உங்களுக்கு வரும் சம்பளத்தில் கமிஷன் எடுக்கும், உங்கள் பையில் இருந்து எடுக்காது.

இங்கே தயாராவதும் வேறு மாதிரி. ஸ்டுடியோ ஃப்ளாஷ் பட்டால் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் உள்ள சன்ஸ்கிரீன் முகத்தை வெள்ளையாகக் காட்டிவிடும். கடற்கரை ஷூட்டுக்குக் கட்டாயம் போட வேண்டிய அதே க்ரீமை ஸ்டுடியோ நாளில் தவிர்க்க வேண்டும். ஃபவுண்டேஷனைக் கையில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள், தாடையில் தேய்த்து கழுத்தோடு சேருகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் நிறத்துக்கான ஷேடு பெட்டியில் இல்லை என்றால் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். "கொஞ்சம் ப்ரைட்டா பண்ணலாம்" என்றால், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விளம்பரங்களில் கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது, ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரே 2020-ல் மாறியது. அப்படியிருக்க, நாம் காசு கொடுத்து எடுக்கும் படத்தில் நம் நிறத்தை அழிக்க நாமே ஏன் சம்மதிக்க வேண்டும்?

மூன்றுக்கும் பொதுவாக

போஸ் பழகக் கண்ணாடியா வீடியோவா என்றால் வீடியோதான். கண்ணாடி முன்னால் தவறைப் பார்த்ததும் உடனே திருத்திக்கொள்வோம், ஷூட்டில் எதிரே கண்ணாடி இருக்காது. இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து அங்கங்கே நிறுத்திப் பாருங்கள், தோள் எங்கே தூக்கியிருக்கிறது, தாடை எங்கே உள்ளே போயிருக்கிறது என்று நாலே நாளில் பிடிபடும்.

புது ஃபேஷியல், புது க்ரீம் எதையும் அந்த வாரத்தில் முயற்சி செய்யாதீர்கள். வேக்ஸிங் இரண்டு, மூன்று நாள் முன்னாலேயே முடிந்திருக்கட்டும். முந்தின இரவு ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், உப்பு அதிகமானால் காலையில் கண் வீங்கும். காலையில் தளர்ந்த உடையில் போங்கள், எலாஸ்டிக் தழும்பு மறைய வெகுநேரம் ஆகும். பட்டினி கிடந்து போகவே கூடாது. ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று சாப்பிடாமல் வந்து விளக்குச் சூட்டில் மயங்கி விழுந்த ஒரு தங்கையை நான் கையில் தாங்கியிருக்கிறேன், அவளுக்கு அன்று 19 வயது. நாலு இட்லி சாப்பிட்டால் எந்தப் படத்திலும் தெரியாது.

கையில் 10,000 ரூபாயும் ஒரு மாதமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நான் இப்படிச் செலவழிப்பேன். முதல் வாரம் டிஜிட்டல்ஸ், செலவு ஒரு கறுப்பு பனியன் மட்டும். இரண்டாவது, மூன்றாவது வாரம் இரண்டு கோலாப், ஒன்று புடவையில், ஒன்று சாதாரண உடையில், போக்குவரத்துக்கும் அயர்னுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 2,500. என் நிறத்துக்குச் சரியான ஃபவுண்டேஷனும் தோல் நிற உள்ளாடையும் 2,000. மிச்சம் இருப்பதை அப்படியே வங்கியில் போட்டுவிட்டு, முதல் மூன்று வேலைக்கு டிஜிட்டல்ஸை அனுப்பிக்கொண்டிருப்பேன். யாராவது "முகம் க்ளோசப்பில் இருக்கிறதா?" என்று கேட்கும் அன்று ஸ்டுடியோவுக்கு போன் போட்டுக்கொள்ளலாம்.