பாங்காக் சுவர்ணபூமியில் டாக்ஸியா? தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்

சென்னையிலிருந்து பாங்காக் போகிறவர்கள் விமான நிலையத்தில் ஏமாறும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். சுங்கம் தாண்டி இரண்டாம் தளத்தில் வெளியே வந்ததும், கையில் கட்டண அட்டையோடு ஒருவர் வந்து நிற்பார். நகர மையத்தில் இருக்கும் பிரதுனாமுக்கு 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்பார். நம் ஆட்கள் விடுவார்களா? பேசிப் பேசி 700-க்கு இறக்கி, 300 மிச்சம் பிடித்த திருப்தியோடு ஏறுவார்கள். மீட்டர் போட்டிருந்தால் எல்லாம் சேர்த்து 400 சொச்சத்தில் முடிந்திருக்கும். சென்னை ஆட்டோவில் பேரம் பேசிப் பழகிய வாய் அங்கே நமக்கே வினை.

கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். 2023 ஜனவரியில் மாற்றிய கட்டணப்படி, சாதாரண டாக்ஸியில் முதல் கிலோமீட்டருக்கு 35 பாட். அதற்கு மேல் 10 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 6.50, 20 வரை 7, 40 வரை 8. வண்டி மணிக்கு 6 கிலோமீட்டருக்கும் கீழே ஊர்ந்தால் நிமிடத்துக்கு 3 பாட் தனி. நகர மையம் சுமார் 30 கிலோமீட்டர். நெரிசலே இல்லாவிட்டால் 245 பாட்டை ஒட்டி வரும். அரை மணி நேரம் சிக்கி நின்றால் 90 கூடும்.

மீட்டரில் ஏறாத செலவு இரண்டு உண்டு. ஒன்று, விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50 பாட். இது சட்டப்படியானது, ஓட்டுநர் கையில் கொடுக்க வேண்டியது. இதைத் தெரியாமல் நேர்மையான ஓட்டுநரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றது சுங்கச்சாவடி. விரைவுச் சாலையில் போனால் வழக்கமாக இரண்டு இடத்தில் 25, 50 என்று 75 பாட் வரை ஆகும். பணத்தை அந்தந்தச் சாவடி வரும்போது அவ்வப்போது எடுத்துக் கொடுங்கள். "மொத்தமாக 200 கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் தலையாட்ட வேண்டாம். சாவடியில் தரும் ரசீதைக் கேட்டு வாங்கலாம்.

அரசு அனுமதித்த மீட்டர் டாக்ஸிகள் நிற்பது தளம் 1-இல். அங்கே தரைத்தளத்தைத்தான் ஒன்று என்று எண்ணுவார்கள், அதனால் இரண்டிலிருந்து ஒரு தளம் கீழே இறங்க வேண்டும். கதவுக்கு வெளியே இயந்திரங்கள் இருக்கும். திரையைத் தொட்டால் ஒரு சீட்டு வரும். அதில் தடத்தின் எண், வண்டி எண், ஓட்டுநர் பெயர் எல்லாம் இருக்கும். அந்தத் தடத்தில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும். பெட்டி அதிகம் என்றால் பெரிய வண்டி என்று தேர்ந்தெடுங்கள், தொடக்கக் கட்டணம் 40 பாட்.

அந்தச் சீட்டு உங்களுடையது. "கொடுங்கள்" என்று ஓட்டுநர் கை நீட்டினால், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். புகார் கொடுக்க வேறு ஆதாரம் நம் கையில் இருக்காது. ஏறும் முன் கைபேசியில் அதை ஒரு படம் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

சீட்டு வாங்கிவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. பெட்டிகளை டிக்கியில் ஏற்றிய பிறகு "நெரிசல் அதிகம், 600 பாட்" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்த நேரத்தையும், வண்டியே வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் அதன் அன்றைய வாடகையையும் ஒரே சவாரியில் எடுக்கப் பார்ப்பார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் அதற்கு நாம் பொறுப்பல்ல. பெட்டியை ஏற்றும் முன்பே "மீட்டர்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் புரியும். வண்டி நகர்ந்ததும் சிவப்பு எழுத்தில் 35 (பெரிய வண்டியில் 40) எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை, அல்லது மீட்டர்மேல் துணி கிடக்கிறது என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்குங்கள். நெடுஞ்சாலை ஏறிவிட்டால் இறங்க வழியில்லை, அது அவருக்கும் தெரியும்.

விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் கைபேசியில் வைத்திருங்கள். ஆங்கிலத்தில் காட்டினால் "தெரியாது" என்று சுற்ற ஒரு சாக்கு கிடைக்கும். சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் தங்குகிறவர்கள் "வாட் கேக்" என்றால் போதும், அந்தப் பெயரில்தான் அங்கே தெரியும்.

ஆயிரம் பாட் தாளோடு ஏறாதீர்கள். இறங்கும் இடத்தில் "சில்லறை இல்லை" என்பது பழைய பாட்டு. பணம் மாற்றும்போதே நூறு, இருபதாகக் கேட்டு வாங்குங்கள்.

தனியாகவோ இருவராகவோ சின்னப் பையோடு போகிறீர்களா? டாக்ஸியே வேண்டாம். விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்து ரயில் இருக்கிறது, நகருக்குள் கடைசி நிலையமான பாயா தாய் வரை 45 பாட், அரை மணிக்குள் போய்விடும். பிரதுனாம் போகிறவர்கள் அதற்கு ஒரு நிலையம் முன்னால் ராட்சபிராரோப்பில் இறங்கினால் நடந்தே போகலாம். நள்ளிரவுக்கு மேல் வந்திறங்கினால் விடியும் வரை ரயில் கிடையாது. மேலே சொன்னதெல்லாம் அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

மீறி ஏமாற்றப்பட்டால், தரைவழிப் போக்குவரத்துத் துறையின் புகார் எண் 1584. ஆங்கிலத்தில் பேச வேண்டுமானால் சுற்றுலாப் போலீஸ் 1155. வண்டி எண், ஏறிய நேரம், கேட்ட தொகை மூன்றையும் சொல்லுங்கள்.